கொல்கத்தாவில் இரண்டு நாள், நாலு வயிறு: எதை எப்போது சாப்பிடுவது?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். ஜனவரி கடைசி வாரம் கொல்கத்தா போகிறோம், நாலு பேர். வெள்ளி இரவு எட்டரைக்கு விமானம் இறங்கும். ஞாயிறு இரவு ஒன்பதரைக்குத் திரும்ப ஏற வேண்டும். தங்குவது எஸ்பிளனேடு பக்கம், நியூ மார்க்கெட்டுக்கு நடக்கிற தூரம். விக்டோரியா, காளிகாட், அருங்காட்சியகம் எதுவும் திட்டத்தில் இல்லை. சாப்பாடு மட்டும்தான்.

நாலு பேரில் ஒருவர் சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். ஒருவருக்கு மீன் முள் என்றாலே நடுக்கம். மற்ற இருவர் எதையும் விடமாட்டார்கள்.

இணையத்தில் தேடிக் கடைப் பெயர்களை எழுதினால் நாற்பது தேறுகிறது. இரண்டு நாளில் ஏழெட்டு வேளைதான் இருக்கிறது. எனக்கு வேண்டியது பெயர்ப் பட்டியல் இல்லை. எது எந்த நேரத்தில், எந்த வரிசையில், எவ்வளவு வாங்குவது என்பதுதான். பிரியாணி எங்கே? சைவக்காரருக்கு என்ன வழி? ஊருக்கு எந்த இனிப்பு தாங்கும்? வயிறு கெடாமல் திரும்ப என்ன செய்யலாம்?

---

ஹூக்ளிப்பக்கம்

நாற்பது கடையையும் வரைபடத்தில் குத்திப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒரே மெட்ரோ பாதையில் வடக்கு தெற்காக விழும். ஷியாம்பஜார், ஷோபாபஜார், கிரிஷ் பார்க், மகாத்மா காந்தி ரோடு, சென்ட்ரல், சாந்தினி சௌக், எஸ்பிளனேடு, பார்க் ஸ்ட்ரீட், பிறகு தெற்கே பவானிப்பூர், காளிகாட். நீங்கள் தங்குவது நட்ட நடுவில். எனவே சனிக்கிழமை முழுக்க வடக்கு, ஞாயிறு மத்தியும் தெற்கும். இதைத் திருப்பிப் போடாதீர்கள். கல்லூரித் தெருவில் புத்தகக் கடைகளெல்லாம் ஞாயிறு மூடியிருக்கும், தெருவே செத்துக் கிடக்கும். நியூ மார்க்கெட்டையும் ஞாயிற்றுக்கிழமை நம்ப முடியாது. அதே சமயம் டிரெட்டா பஜார் சீனக் காலை உணவுக்கு ஞாயிறுதான் நாள். இந்த இரண்டையும் ஆணியடித்துவிட்டால் மற்றவை தாமாக இடத்தில் உட்காரும்.

வெள்ளி இரவு: விமான நிலையத்திலிருந்து அறைக்கு வர பத்து மணி ஆகும். அந்த நேரத்துக்கு ரோல்தான் சரி. நியூ மார்க்கெட்டுக்குப் பின்னால், மாநகராட்சிக் கட்டடத்தை ஒட்டி நிஜாம்ஸ் இருக்கிறது. 1932-இல் தொடங்கிய கடை. காட்டி ரோல் பிறந்த இடம் என்று ஊரே சொல்வது இதைத்தான். காட்டி என்றால் குச்சி. இரும்புக் கம்பிக்குப் பதில் மூங்கில் குச்சியில் கபாப் குத்திச் சுட்டதால் வந்த பெயர். பராட்டாவைக் கல்லில் கொழுப்பு விட்டுச் சுட்டு, மேலே முட்டை ஊற்றித் திருப்பி, உள்ளே கபாப், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான் அதன் இலக்கணம். தக்காளி சாஸ் ஊற்ற வந்தால் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், புளிப்பும் இனிப்பும் சேர்ந்து கறியை அமுக்கிவிடும். பொட்டலம் கட்டி அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். மைதா ஆறினால் ஐந்து நிமிடத்தில் தோல் மாதிரி ஆகிவிடும், அடிக்காகிதம் எண்ணெயில் ஊறிக் கிழியும். நின்றே சாப்பிடுங்கள், ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

சனி காலை எட்டு மணிக்கு எஸ்பிளனேடில் ஏறி மகாத்மா காந்தி ரோடில் இறங்குங்கள், மூன்றாவது நிறுத்தம். அங்கிருந்து கல்லூரித் தெருப் பக்கம் நடந்தால் சூர்ய சென் தெருவில் புத்திராம். கொச்சூரியும் (பூரணம் வைத்துப் பொரித்த பூரி) பருப்பும். தலைக்கு இரண்டு போதும். நாலு சாப்பிட இடம் இருக்கும், ஆனால் மதியச் சாப்பாட்டைக் கடன் வாங்கியதாக ஆகும். குளிர்காலத்தில் பச்சைப் பட்டாணி அரைத்து அடைத்த கொராயிஷூட்டி கொச்சூரி எந்தக் கடைப் பலகையிலாவது தென்பட்டால் விடாதீர்கள். ஜனவரி போனால் அந்தப் பட்டாணியின் இனிப்பு போய்விடும். பத்து மணிக்கு மேல் போனால் கொச்சூரி தீர்ந்திருக்கும், அல்லது முன்பே பொரித்துக் குவித்தது கிடைக்கும்.

பிறகு விதான் சரணியைப் பிடித்து வடக்கே நடந்தால் ஹெதுவா. பெத்யூன் கல்லூரியை அடுத்த சந்தில் கிரிஷ் சந்திர தே – நகுர் சந்திர நந்தி, சுருக்கமாக நகுர். 1844-லிருந்து சந்தேஷ் என்ற பால் இனிப்பு மட்டும். ரசகுல்லா கேட்டால் இல்லை என்பார்கள். உட்காரவும் இடமில்லை. நாலு வகை வாங்கி, ஒவ்வொன்றையும் நாலாகப் பிட்டுச் சாப்பிடுங்கள். சந்தேஷ் பற்றி இங்கே என்னைவிட விவரமானவர் ஒருவர் இருக்கிறார், அவர் வருவார்.

வந்த வழியே கல்லூரித் தெருவுக்குத் திரும்பினால் பன்னிரண்டு ஆகும். மதியச் சாப்பாடு அங்கேயே, பிரசிடென்சி பல்கலைக்கழகத்துக்கு அருகே பவானி தத்தா சந்தில் ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல். இதைத்தான் இங்கே பைஸ் ஹோட்டல் என்பார்கள், காலணாவுக்குச் சோறு போட்ட காலத்துப் பெயர். பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். ஒன்றரைக்கு மேல் நல்ல மீன் இருக்காது. சாப்பிட்ட பின் பங்கிம் சட்டர்ஜி தெருவில் பாராமவுண்ட், 1918-இல் தொடங்கிய சர்பத் கடை. இளநீரும் வழுக்கையும் போட்ட தாப் சர்பத் ஒன்றை இருவர் பகிரலாம்.

காபி ஹவுஸ் கேட்பீர்கள். மாடியில் ஏறி உட்கார்ந்து ஒரு கறுப்புக் காபி குடியுங்கள். அங்கே காபி ‘இன்ஃப்யூஷன்’ என்ற பெயரில் வரும். நம்மூர் பில்டர் காபியை மனதில் வைத்துக்கொண்டு குடித்தால் சண்டை வரும். உயரமான கூரைக்கும் சத்தத்துக்கும் போகலாம், சமையலுக்காக இல்லை.

மூன்று மணிக்கு நியூ மார்க்கெட் உள்ளே நஹூம்ஸ், 1902-இலிருந்து இருக்கும் யூத பேக்கரி. பிளம் கேக், எலுமிச்சை டார்ட் வாங்கி அறையில் வையுங்கள். ஐந்து வரை தூக்கம். இந்தத் தூக்கத்தையும் ஒரு வேளையாக எண்ணுங்கள்; இதை விட்டவர்களுக்கு இரவு வேளை போய்விடும்.

சனி மாலை ஷோபாபஜார் நிலையத்தில் இறங்குங்கள். ஆலன் கிச்சனில் நெய்யில் பொரித்த இறால் கட்லெட், மித்ரா கஃபேயில் மீன் கவிராஜி. கவிராஜி என்பது கட்லெட்டுக்கு மேல் முட்டை வலை. அடித்த முட்டையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, கொதிக்கும் எண்ணெயில் விரலால் சொட்டவிட்டால் நூல் நூலாகப் பரவும், அதை வாரிக் கட்லெட்டைச் சுற்றிவிடுவார்கள். தட்டு வந்த நொடியில் முறுகல், ஐந்து நிமிடத்தில் ஈரத்துணி. படம் எடுக்கிற ஆள் பசியோடுதான் இருக்க வேண்டும். முடித்துவிட்டு அடுத்த நிலையம் ஷியாம்பஜார். ஐந்து முனைச் சந்திப்பில் கோல்பாரி, கொஷா மாங்ஷோ. வெங்காயமும் மசாலாவும் கறியோடு மணிக்கணக்கில் சுருண்டு கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். காரமும் எண்ணெயும் கனம். மூவருக்கு ஒரு தட்டுக் கறி, ஆளுக்கு ஒரு பரோட்டா. அதற்குமேல் ஞாயிறு காலை எழுந்திருக்க முடியாது.

---

சந்தேஷ்பித்து

என்னைத்தான் குறிப்பிட்டார் போல. வந்துவிட்டேன்.

ஜனவரி என்பதால் உங்களுக்கு அதிர்ஷ்டம். நொலேன் குர் காலம் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான். ஈச்ச மரத்தைச் சீவி இரவு முழுக்கப் பானையில் இறங்கும் பதநீரை, விடியும் முன் இறக்கிக் காய்ச்சுவது. நம் பனங்கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் புகைவாசம் மெல்லியது, இனிப்பில் மலர் வாசம். இரவு குளிர்ந்திருந்தால்தான் சாறு தெளிவாக இறங்கும். வெயில் ஏறினால் புளிக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் கோடையில் ‘நொலேன் குர்’ என்று எழுதிப் பலகை வைத்தால் நம்பக் கூடாது.

சந்தேஷில் இரண்டு பாகம் உண்டு: நொரோம் பாக், கொடா பாக். பாலைத் திரித்து வடிகட்டிய சேனாவைச் சர்க்கரையோடோ குர்ரோடோ சிறு தீயில் கிளறுகிறார்கள். சீக்கிரம் இறக்கினால் ஈரம் இருக்கும், நாக்கில் வைத்ததும் கரையும். அது நொரோம் பாக். இன்னும் வற்றவிட்டால் கொடா பாக், கொஞ்சம் மணல் மணலாக இறுகியது. நின்று சாப்பிட முதலாவது, ஊருக்குக் கொண்டுபோக இரண்டாவது. நொரோம் பாக் அன்றைக்கே முடிய வேண்டும். குளிர்காலத்தில்கூட மறுநாள் புளிப்பு தட்டும். கொடா பாக் வெளியே இரண்டு நாள் தாங்கும். கடையில் ‘சென்னைக்கு’ என்று சொன்னாலே அவர்களே இறுகியதை எடுத்துக் கட்டுவார்கள். அட்டைப் பெட்டியை மூடியதும் பிளாஸ்டிக் உறையில் போட்டு முடிச்சுப் போடாதீர்கள். உள்ளே வியர்த்து மேற்புறம் பிசுபிசுக்கும்.

நகுரில் ஜல்பரா சந்தேஷ் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. உள்ளே திரவம் இருக்கிறது. பாதி கடித்துப் பேச ஆரம்பித்தால் சட்டையில் ஒழுகும். முழுதாக வாயில் போடுங்கள்; அது பெரிதாக இருந்தால் தட்டில் வைத்து உடையுங்கள். நாலாகப் பிடுங்கள் என்று மேலே சொன்னாரே, அது இதற்குப் பொருந்தாது.

ரசகுல்லா: 1868-இல் பாக்பஜாரில் நபின் சந்திர தாஸ் கடையில் உருவானது என்பது வங்காளக் கணக்கு. ஒடிசாக்காரர்களிடம் போய் இதைச் சொல்லாதீர்கள். ‘பாங்ளார் ரசகொல்லா’வுக்குப் புவிசார் குறியீடு 2017 நவம்பரில் கிடைத்தது. சூடாக, பாகிலிருந்து எடுத்ததும் சாப்பிடுங்கள், விரலால் அழுத்தினால் சுருங்கித் திரும்ப எழ வேண்டும். எழாவிட்டால் மைதாவோ ரவையோ கூடியிருக்கிறது. ஊருக்கு எடுத்துப்போக கே.சி.தாஸ் டின் சரி, எஸ்பிளனேடிலேயே கடை இருக்கிறது. ஆனால் சுவையில் டின் வேறு சாதி. புதிதாகச் சாப்பிட்ட நாக்குக்கு அது இனிப்பு ரப்பர். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

மிஷ்டி தோய் மண்சட்டியில்தான் வாங்க வேண்டும். காரணம் அழகு இல்லை. சட்டி ஈரத்தை உறிஞ்சுவதால் தயிர் தானாக இறுகுகிறது. பழுப்பு நிறம், பாலைச் சுண்டக் காய்ச்சும்போது கருக்கிய சர்க்கரை சேர்ப்பதால் வருவது. சட்டி கசியும். விமானத்தில் கொண்டுபோக நினைத்தால் பெட்டித் துணியெல்லாம் மோர்வாசம்தான். அங்கேயே தின்றுவிட்டு வாருங்கள்.

குர் வாங்கினால் பாட்டாலி, அதாவது தட்டையாக உறைந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல பாட்டாலி கொஞ்சம் உள்வாங்கும், பிட்டால் உதிரும். கல் மாதிரி இறுகி, உடைத்த இடம் பளபளத்தால் சர்க்கரை கலந்தது. திரவமாக இருக்கும் ஜோலா குர்தான் வாசத்தில் ராஜா, ஆனால் நுரைத்துப் பொங்கி மூடியைத் தள்ளும். சரக்குப் பெட்டியில் வைத்தாலும் இரண்டு உறை போடுங்கள், வீட்டுக்குப் போனதும் குளிர்பெட்டி.

வாங்கும் வேலையை ஞாயிறு மதியத்துக்குத் தள்ளுங்கள். பவானிப்பூரில் பலராம் மல்லிக், 1885-லிருந்து இருப்பது. சுட்ட ரசகுல்லா அங்கே பிரபலம், அதையும் ருசி பாருங்கள்.

---

முள்ளெடுப்பவன்

பைஸ் ஹோட்டலில் நம்மூர்க்காரர்கள் தடுமாறுவது எங்கே என்று மட்டும் சொல்கிறேன்.

அங்கே ‘மீல்ஸ்’ கிடையாது. சோறு, பருப்பு, பொரியல், மீன் எல்லாம் தனித்தனிக் காசு. சில இடத்தில் வாழையிலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனிக் கணக்கு. பரிமாறுகிறவர் மீன் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். பதற வேண்டாம், இரண்டாவது முறை சொல்லச் சொல்லுங்கள். நாலு பேர் நாலு மீன் சொல்லி நடுவில் வைத்துக்கொள்ளலாம். மேசையில் வேறு ஆளும் உட்காருவார், இடம் கொடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சோற்றில் ஊற்றிப் பிசையாதீர்கள். வங்காளச் சாப்பாட்டுக்கு வரிசை உண்டு. முதலில் கசப்பு, பாகற்காய் போட்ட சுக்தோ. அடுத்து பருப்பும் ஏதாவது ஒரு வறுவலும். பிறகு மீன், கடைசியில் கறி. அதற்குப்பின் சட்னி. இந்தச் சட்னியை நம் தக்காளிச் சட்னி என்று நினைத்துச் சோற்றில் கலந்தால் பாயசமாகிவிடும். தக்காளியும் பேரீச்சையும் போட்ட இனிப்பு அது, அப்பளத்தோடு தனியாக நக்கிச் சாப்பிட வேண்டியது. ரசம், மோர் வராது. கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி என்று போனால்தான் வரிசை புரியும்.

மீன்: இலிஷ் மழைக்கால மீன், ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஜனவரியில் மேசைக்கு வருவது பெரும்பாலும் ஐஸில் கிடந்தது. கேட்டு ஏமாற வேண்டாம். உங்களில் முள்ளுக்குப் பயந்தவருக்கு அது முதல் எதிரி என்பதும் உண்மை. மயிர் மாதிரி கிளைவிட்ட முள், அதிலும் முதுகுத்துண்டான காதாவில் ரொம்ப. என்றைக்காவது மழைக்காலத்தில் வந்தால் பேட்டி, அதாவது வயிற்றுத்துண்டு கேளுங்கள். கொழுப்பும் அதிகம், முள்ளும் கண்ணுக்குத் தெரியும் அளவில் பெரிது.

இப்போதைக்கு அவருக்கு ஏற்றது பேட்கி. வேறொன்றுமில்லை, நம்ம கொடுவாதான். கடுகு, தேங்காய் அரைத்துப் பூசி வாழையிலையில் மடித்து வேகவைத்த பாத்தூரி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம், சதைத்துண்டாகவே வரும். இலையைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் கட்டிய நூலைப் பார்த்து எடுங்கள். பாப்தாவும் நடுமுள் ஒன்றோடு போய்விடும். இறால் மலாய்க் கறிக்கு முள்ளே இல்லை. மற்ற இருவருக்கு இந்த மாதத்து மீன் கொய், நம்மூரில் பனையேறிக் கெண்டை என்பது. பூக்கோசு போட்டு வைத்த கொய் குழம்பு குளிர்காலத்துக்கே உரியது. முள் கடினம், ஆனால் சதை இனிப்பு.

கடுகெண்ணெய் வாசம் முதல் வாய்க்கு மூக்கில் ஏறும். மூன்றாவது வாய்க்குப் பழகிவிடும். பழகாவிட்டால் கடுகு அரைத்த ‘ஷோர்ஷே’ வகைகளை விட்டு ‘ஜோல்’ கேளுங்கள். ஜோல் என்றால் நீர்த்த குழம்பு. ‘ஜால்’ என்றால் காரம். ஒரு எழுத்து மாறினால் தட்டே மாறும்.

---

வைகைக்கரை

ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஞாயிறு பாக்கி. பிரியாணியும் சைவமும்கூட. டிரெட்டா பஜார் நிஜமாகவே விடியற்காலையா? மெட்ரோ இருக்குமா?

---

ஹூக்ளிப்பக்கம்

ஞாயிறு மெட்ரோ ஒன்பது மணி வாக்கில்தான் தொடங்கும். டிரெட்டா பஜாருக்கு வாடகை வண்டிதான். லால்பஜார் காவல் தலைமையகம் தாண்டி போத்தார் கோர்ட் என்று சொல்லுங்கள், அந்தக் கட்டடத்துப் பக்கத்துத் திறந்தவெளி. ஆறு, ஆறேகாலுக்குள் இருங்கள். எட்டு, எட்டரைக்குச் சுருட்டிவிடுவார்கள். மீன் உருண்டை சூப்பும் பன்றி இறைச்சி அடைத்த பாவும் அதற்கு முன்பே தீரும். ஷூமாய், சாசேஜ், எள் உருண்டை, எல்லாம் அலுமினியக் குண்டாவில் ஆவி பறக்க நடைபாதையில் இருக்கும். கோழியா பன்றியா என்று ஒவ்வொரு குண்டாவுக்கும் கேட்டு வாங்குங்கள், பார்த்தால் தெரியாது. முதலில் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, ஆவி நின்றுபோன தட்டை விட்டுவிடுங்கள்.

இப்போது அங்கே விற்பவர்களில் சீனர்கள் குறைவு, மோமோ கடைகள் கூட. ஆகவே வரிசையில் வயதானவர்கள் தாமே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிறு மேசைகளைத் தேடுங்கள். தெரு சுத்தமாக இருக்காது, அருகிலேயே குப்பை இருக்கும். முகம் சுளிப்பவரைக் கூட்டிப்போகாதீர்கள். பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கையில் வேண்டும். மூவருக்கும் சேர்த்து ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு.

அதற்குப்பின் பன்னிரண்டு வரை வேறு எதுவும் வேண்டாம். சிறு மண்கோப்பையில் தேநீர் மட்டும். மண்கோப்பைக்கு இங்கே ‘பார்’ என்று பெயர். கறுப்புத் தேநீரில் எலுமிச்சையும் கறுப்பு உப்பும் போட்ட லேபு சா வயிற்றை இளக்கும்.

மதியம் பிரியாணி. 1856-இல் அவத் நவாப் வாஜித் அலி ஷா நாடிழந்து கொல்கத்தாவின் மெட்டியாபுருஸில் வந்து தங்கினார், அவருடைய சமையல்காரர்கள் வழியாக வந்தது இந்தப் பிரியாணி. உருளைக்கிழங்கு எப்படி நுழைந்தது என்பதில் அடிதடி உண்டு: கறிக்குக் காசில்லாமல் என்பார் ஒருவர், அப்போது உருளையே புதுமைப் பண்டம் என்பார் மற்றவர். எப்படியானாலும் கறியைவிட அந்தக் கிழங்குக்குத்தான் இங்கே சண்டை நடக்கும். கறிச்சாறும் நெய்யும் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். வெட்டினால் நடுவில் வெள்ளையாக இருந்தால் அன்றைய தம் சரியில்லை.

ஆம்பூர், திண்டுக்கல் நாக்கோடு போகாதீர்கள். இதில் மிளகாய் கிட்டத்தட்ட இல்லை. தாழம்பூ நீரும் அத்தரும்தான் முன்னால் வரும். தால்ச்சா, கத்திரிக்காய் எதுவும் துணைக்கு வராது. அதனால்தான் ‘சாப்’ சேர்த்து வாங்க வேண்டும். கசகசாவும் முந்திரியும் அரைத்து, பெரிய தட்டைக் கல்லில் கொழுப்பில் மெல்ல வெந்த கறி. வெள்ளை நிறத் தயிர்க் குழம்பான ரெஜாலா வேண்டுமென்றால் சாந்தினி சௌக்கில் சாபிர். பிரியாணிக்குப் பார்க் சர்க்கஸில் அர்சலான் அல்லது ஷிராஸ். மூவருக்கு இரண்டு மட்டன் பிரியாணி, ஒரு சாப். அதற்குமேல் வாங்கினால் கட்டித்தான் எடுத்துப்போவீர்கள். பன்னிரண்டேகாலுக்கு உட்காருங்கள். ஞாயிறு ஒரு மணிக்கு வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும்.

---

சித்பூர்சந்து

சிறு திருத்தம், அல்லது எதிர்க்கட்சிக் குரல். நகோதா மசூதிக்கு எதிரே 1905-லிருந்து இருக்கும் ராயல் இந்தியன் ஹோட்டலை விட்டுவிட்டார். அங்கே பழைய வழக்கம் உருளைக்கிழங்கே இல்லாத பிரியாணி, லக்னோ சுத்தம். சாப் அங்கேதான். முதல்முறை வருகிறவர்கள் கிழங்குப் பிரியாணியைத்தான் சாப்பிட வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிரெட்டா பஜாரிலிருந்து ராயல் நடக்கிற தூரம். காலை வேளை சுமாராகப் போனால் பார்க் சர்க்கஸ் போகாமல் இங்கேயே முடித்துவிடலாம்.

பார்க் ஸ்ட்ரீட் பீட்டர் கேட் செலோ கபாபை யாரும் சொல்லவில்லையே? வெண்ணெய்ச் சோறு, அதன் மேல் பொரித்த முட்டை, சுற்றிக் கபாப். நல்லதுதான். ஞாயிறு வரிசையில் ஒரு மணி நேரம் போகும். இரண்டு நாள் பயணத்தில் அந்த ஒரு மணிக்கு மதிப்பில்லை என்பது என் கட்சி.

---

நிராமிஷ்

சைவக்காரருக்கு. வங்காளத்தில் சைவம் ஏராளம், ஆனால் மறைந்திருக்கும் மீன்தான் தொல்லை. பாசிப்பருப்பில் மீன்தலை போடுவார்கள். வாழைப்பூவிலும் சுரைக்காயிலும் இறால் போடுவார்கள். பல கீரை, காய்க் கலவைகளிலும் மீன்தலை, முள் சேரும். பெயரில் ‘மோச்சா’ என்று மட்டும் இருந்தாலும் கேட்டுவிட வேண்டும். ‘வெஜிடபிள்’ என்று சொல்வதைவிட ‘ஆமி நிராமிஷ் காய், மாச் நா, டிம் நா’ (நான் சைவம் சாப்பிடுகிறேன், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம்) என்று சொல்லுங்கள். நிராமிஷ் என்றால் பெரும்பாலும் வெங்காயம் பூண்டுகூட இல்லாத சமையல் என்று எடுத்துக்கொள்வார்கள், தப்பில்லை.

சனி காலைக் கொச்சூரி, நகுர், பாராமவுண்ட் மூன்றும் அவருக்குச் சிக்கலில்லை. மதியம் பைஸ் ஹோட்டலில் பருப்பு, சுக்தோ, கசகசா உருளையான ஆலு பொஸ்தோ கிடைக்கும், ஆனால் கரண்டி எல்லாப் பாத்திரத்துக்கும் பொது. அதைத் தாங்கமாட்டார் என்றால் எஸ்பிளனேடு பீர்லெஸ் ஹோட்டலில் ஆஹேலி இருக்கிறது, அங்கே சைவத் தாலி உண்டு. லூச்சி என்ற மைதா பூரி, கடலைப்பருப்பு, பருப்பு வில்லைகளைப் பொரித்துக் குழம்பிலிட்ட தோக்கார் டால்னா இவைதான் அவர் இந்த ஊரில் சாப்பிட வேண்டியவை. ஞாயிறு மற்றவர்கள் பிரியாணிக்குப் போகும்போது இவர் இங்கே வரட்டும். அவர்களோடு போய் உட்கார்ந்து பன்னீர் தின்பதற்கு மதுரையிலேயே இருந்திருக்கலாம்.

சனி மாலை கட்லெட் கடைகள் அவருக்கு இல்லை. எண்ணெய்ச் சட்டி ஒன்றுதான். அதே விதான் சரணியில் 1918-லிருந்து இருக்கும் லட்சுமி நாராயண் ஷா கடை, நேதாஜி தேலேபாஜா என்றால் காட்டுவார்கள். கத்திரிக்காய் பஜ்ஜியான பேகுனி, வெங்காயப் பியாஜி. ஜனவரி 23, நேதாஜி பிறந்தநாளில், அங்கே இலவசமாகக் கொடுப்பார்கள். உங்கள் தேதி அதையொட்டி விழுந்தால் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள். ஞாயிறு விடியற்காலை அவரை எழுப்பாதீர்கள். டிரெட்டாவில் எள் உருண்டையைத் தவிர ஒன்றும் கிடைக்காது.

---

லேக்மார்க்கெட்

கடைசி அரை நாளும் வயிறும்.

ஞாயிறு மூன்று மணிக்குப் பவானிப்பூரில் இனிப்பு வாங்கியதும் நாலரைக்கு விவேகானந்தா பார்க், புச்கா, அதாவது இந்த ஊர்ப் பானிபூரி. உருளை, கறுப்புக் கொண்டைக்கடலை, மசாலா கையால் பிசைந்து, புளித்தண்ணீரில் முக்கிக் கொடுப்பார். கந்தராஜ் எலுமிச்சை வாசம் வந்தால் நல்ல கடை. தண்ணீர் இல்லாமல் கடைசியில் ஒன்று இனாமாகத் தருவார், அதற்கு ‘ஃபாவ்’ என்று பெயர், கேட்டு வாங்கலாம். ஏன் கடைசி மாலை? இந்த இரண்டு நாளில் வயிற்றைக் கவிழ்க்க அதிக வாய்ப்புள்ளது அந்தப் புளித்தண்ணீர்தான். முதல் நாளே சாப்பிட்டுப் படுத்தால் மொத்தப் பயணமும் போச்சு. ஞாயிறு மாலை சாப்பிட்டால், எதுவாக இருந்தாலும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான். ஆறு வைத்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டு வேண்டாம்.

சாலையோரத்தில் வெட்டி வைத்த பழம், கலர் ஐஸ் இரண்டையும் தொடாதீர்கள். தண்ணீர் பாட்டில் எப்போதும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு கையில் இருக்கட்டும். வயிறு கெடக் கிருமி மட்டும் காரணமில்லை. கடுகெண்ணெய், நெய், மைதா, சேனா நாலும் ஒரே நாளில் சேர்ந்தால் பழகாத குடலுக்குக் கனம். இனிப்பைச் சாப்பாட்டுக்கு மேல் அடுக்காமல் இரண்டு வேளைக்கு நடுவில் வையுங்கள்.

இரண்டாம் நாள் யாருக்காவது இட்லியும் பில்டர் காபியும்தான் இறங்கும் என்றால் வெட்கப்பட வேண்டாம். காளிகாட் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் லேக் மார்க்கெட். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கும் பகுதி, கோமளவிலாஸ், பனானா லீஃப் எல்லாம் அங்கேதான். விவேகானந்தா பார்க்கும் பக்கம்.

ஆறு மணிக்குப் புறப்பட்டுவிடுங்கள். அங்கிருந்து விமான நிலையம் நகரத்தின் மறுமுனை, ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கலாம். மெட்ரோவிலும் நோவாபாராவில் மாறி விமான நிலையம் போக முடியும், ஆனால் ஞாயிறு வண்டிகளுக்கு இடைவெளி அதிகம். பெட்டியும் இனிப்புச் சுமையும் வைத்துக்கொண்டு அதை நம்பாதீர்கள்.

---

வைகைக்கரை

அருமை. அச்செடுத்து வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு சந்தேகம்: சனி இரவு கோல்பாரிக்குப் பதில் டாங்ரா சீனச் சாப்பாடு போனால்?

---

ஹூக்ளிப்பக்கம்

போகலாம். ஆனால் டாங்ரா மெட்ரோ பாதையில் இல்லை, வண்டி பிடித்துக் கிழக்கே போக வேண்டும். அளவும் பெரிது, மூன்று பேருக்கு மூன்று தட்டு வந்தால் மேசை நிறையும். மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி சீனச் சாப்பாடுதான் என்பதையும் யோசியுங்கள். கவிராஜியை விட்டுவிட்டு நேராக டாங்ரா போவதென்றால் சரி. இரண்டையும் சேர்க்க முடியாது.